ஒரு கிராம், எட்டு டன்: கடாரம் வகுப்புப் போர்க்கப்பலை ஈயக்குட்டையில் மிதக்க விட்டதில் கற்றவை

1/200 அளவில் மாதிரிக் கப்பல் கட்டுகிறவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு ஒன்றுதான். தராசில் 1 கிராம் ஏறினால் நிஜக் கப்பலில் 8 டன் ஏறிவிட்டது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 200 மடங்கு சுருங்குவதால் எடை 80 லட்சம் மடங்கு சுருங்குகிறது. "கொஞ்சம் திட்டுத் திட்டாகத் தெரிகிறதே" என்று மேற்கட்டுக்கு (தளத்துக்கு மேலே எழும் கட்டுமானம்) இன்னொரு கோட் சாயம் அடித்தால் 20 கிராம் கூடும். அது 160 டன். எந்தக் கப்பல் கட்டும் தளத்திலும் எந்தப் பொறியாளரும் கேள்வி கேட்காமல் 160 டன்னை உச்சியில் ஏற்ற விடமாட்டார். நாம் மட்டும் தூரிகையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம்.

கடாரம் வகுப்பு எந்த நாட்டுக் கடற்படையிலும் இருந்ததில்லை. மலாக்கா நீரிணையின் வடக்கு வாயில் ஒரு தீவு நாடு இருப்பதாக வைத்துக்கொண்டு, அதற்கு நான்கு வேகப் பேட்டில்ஷிப்புகளை (பெரிய பீரங்கியும் கனத்த கவசமும் கொண்ட போர்க்கப்பல்கள்) வரைந்தோம். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் ஊர்களே பெயர்கள்: கடாரம், பண்ணை, மலையூர், தக்கோலம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் 'பண்ணை' என்ற போர்க்கப்பல் கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் மெய்க்கீர்த்தி அதைத் 'துறைநீர்ப் பண்ணை' என்கிறது. அதற்குமேல் கப்பலுக்கு என்ன பொருத்தம் வேண்டும்? 1941-ல் சேவைக்கு வந்து 1986-ல் ஓய்வு பெற்றதாகக் கதை. நாற்பத்தைந்து வருடம் ஓடிய கப்பல் என்று எழுதுவது சுலபம். அந்த நாற்பத்தைந்து வருடத்தையும் தராசில் நிறுத்துக் காட்டுவதுதான் கஷ்டம்.

அளவுகளை இப்படி முடிவு செய்தோம். மொத்த நீளம் 250 மீட்டர், நீர்க்கோட்டில் 244, அகலம் 32, முழுச் சுமையோடு நீரில் இறங்கும் ஆழம் 10.4. அந்த நீள அகல ஆழப் பெட்டிக்குள் கப்பல் உடல் அடைக்கும் இடம் 60 விழுக்காடு. பெருக்கிப் பார்த்தால் கடல் நீரில் சுமார் 50,000 டன். 15 அங்குலப் பீரங்கி எட்டு, இரண்டிரண்டாக நான்கு கோபுரங்களில். இயந்திரம் 130,000 குதிரைசக்தி, வேகம் 30 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). இதெல்லாம் வானத்திலிருந்து விழுந்த எண்கள் அல்ல. 1946-ல் சேவைக்கு வந்த பிரிட்டிஷ் கப்பல் வான்கார்ட் 248 மீட்டர், அதே 130,000 குதிரைசக்தி, அதே 30 நாட். கற்பனைக் கப்பல் வரைகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் வேகம். அமெரிக்கர்கள் சவுத் டகோட்டா வகுப்பின் 27 நாட்டிலிருந்து அயோவா வகுப்பின் 33 நாட்டுக்குப் போக 130,000 குதிரைசக்தியை 212,000 ஆக்கினார்கள். கப்பலும் ஏறக்குறைய 10,000 டன் கனத்தது. பீரங்கிக் குழல் நீண்டதும் அதில் ஒரு பங்கு, ஆனாலும் பெரும்பகுதி அந்த ஆறு நாட்டுக்குக் கொடுத்த விலை. 'நம் கப்பல் 35 நாட்' என்று காகிதத்தில் எழுதிவிட்டால் இயந்திர அறையை வைக்க இடம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

நீண்டகாலம் ஓடும் வகுப்புக்கு வேண்டியது பெரிய பீரங்கியை விட வெற்றிடம். ஜப்பானின் கொங்கோ 1913-ல் 27.5 நாட் ஓடும் போர்க்குரூசராக (பேட்டில்ஷிப்பை விடக் கவசம் மெலிந்த, வேகமான கப்பல்) வந்தது. 1930-களில் பின்பக்கத்தை சுமார் 8 மீட்டர் நீட்டி, இயந்திரத்தை 64,000-லிருந்து 136,000 குதிரைசக்தியாக மாற்றி, 30 நாட் ஓடும் பேட்டில்ஷிப்பாக்கினார்கள். உடலைத் திறந்து புது இயந்திரத்தை உட்கார வைக்க இடம் இருந்ததால் அது முடிந்தது. அயோவா வகுப்பை 1980-களில் மறுபடி எழுப்பியபோது 32 டோமஹாக், 16 ஹார்ப்பூன் ஏவுகணைகளும், வரும் ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தும் 4 ஃபாலன்க்ஸ் துப்பாக்கிகளும் ஏறின. அதற்காகப் பத்து 5 அங்குல இரட்டைப் பீரங்கித் தொகுதிகளில் நான்கு இறங்கின. மாதிரி கட்டுகிறவர் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது கணக்கைத்தான். இறங்கியது என்ன?

எங்கள் பள்ளிக்கூட நோட்டில் ஒவ்வொரு ரீஃபிட்டுக்கும் (கப்பலைப் புதுப்பிக்கும் வேலை) ஒரு பக்கம், இரண்டு பத்தி. இடது பத்தியில் கழற்றியவை, வலது பத்தியில் ஏற்றியவை, எல்லாம் கிராமில். இடது பத்தியை நிரப்பாமல் வலது பத்தியில் பேனா வைக்கக் கூடாது. 1945 பக்கத்தில் இடது பக்கம்: விமானம் ஏவும் கட்டாபுல்ட், இரண்டு கிரேன், விமானக் கொட்டகைக் கதவு, பெரிய படகுகள். வலது பக்கம்: 40 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிகள், ரேடார்கள், அவற்றுக்கான சிறு மேடைகள். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் பேட்டில்ஷிப்புகள் விமான ஏற்பாட்டைக் கழற்றியதும் இந்த இடத்துக்காகத்தான். இரண்டு பத்தியின் கூட்டுத்தொகை சமமாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. கட்டாபுல்ட் இருந்தது மேல்தளத்தில், ரேடார் போவது மாஸ்ட் உச்சியில். ஆகவே எடைக்குப் பக்கத்தில் உயரத்தையும் எழுத வேண்டும். கிராமை மில்லிமீட்டரால் பெருக்கி வரும் எண்தான் சமமாக வேண்டும். உச்சியில் 5 கிராம் ரேடார் ஏற, தளத்தில் 12, 15 கிராம் இறங்க வேண்டி வரும்.

இன்னொரு விஷயம் பீரங்கியின் வெடியதிர்வு. அயோவா வகுப்பில் சீ ஸ்பாரோ ஏவுகணையை வைக்காமல் போனதற்குக் காரணம், 16 அங்குலப் பீரங்கி சுடும்போது கிளம்பும் காற்றழுத்தத்தை அது தாங்காது என்பது. கற்பனைக் கப்பலில் ஏவுகணைப் பெட்டியை எங்கே வைக்கலாம் என்று பார்க்க, முதலில் வரைபடத்தின் மேல் ஒவ்வொரு கோபுரமும் சுழலும் கோணத்தைப் பென்சிலால் விசிறி போல வரையுங்கள். விசிறி படாத இடம் நடுக்கப்பலில் இரண்டு புகைபோக்கிகளுக்கு இடையில் மட்டும்தான் மிஞ்சும். எங்கள் 1980 வடிவத்தில் பெட்டிகள் எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பார்க்க அழகில்லை. ஆனால் இப்படிக் கப்பலில் அழகில்லாத இடத்தைப் பார்த்தால்தான் அது நிஜமாக ஓடிய கப்பல் போலத் தோன்றும்.

இனி கட்டும் வேலை. மலேசியாவில் சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் கிடைக்கும் பொருளை வைத்துத்தான் சொல்கிறோம். (பலகையில் பெஸ்தாரி ஜெயா, வாயில் இன்னும் பழைய பெயர்தான்.) பால்சா மரம் இங்கே கிடைக்காது. பிளைவுட் கிடைக்கும், ஆனால் நம் ஊர் ஈரத்தில் ஓரம் பிளந்து ஊதும். விளம்பரப் பலகை செய்யும் கடையில் மிஞ்சும் பிவிசி ஃபோம் ஷீட்தான் சரியான பொருள். 3 மி.மீ. ஷீட்டில் விலாச்சட்டம் 17, 75 மி.மீ. இடைவெளியில். ஏராவுக்கு (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) மட்டும் அதே ஷீட்டை இரட்டையாக ஒட்டி, நடுவில் 1 மி.மீ. அலுமினியப் பட்டை. பக்கங்களுக்கு 2 மி.மீ. ஷீட்டை 8 மி.மீ. அகலக் கீற்றாக அறுத்து ஒட்டலாம். அணியத்துப் (கப்பலின் முன்முனை) பக்கம் வளைவு கூர்மையாவதால் அங்கே 4 மி.மீ. கீற்று. கீற்றை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் வளையும், அதிகம் சூடாக்கினால் பிசுபிசுத்துத் தொங்கும். இடைவெளிகளில் சமையல் சோடா மாவைத் தூவி அதன்மேல் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால் அந்த நொடியே கல்லாகும். புகை கண்ணை எரிக்கும், ஆகவே வாசலுக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் வைத்துச் செய்யுங்கள்.

கீற்றுகளை ஒருபக்கமாக ஒட்டிக்கொண்டே போகக் கூடாது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரே பக்கம் ஐந்தாறு கீற்று ஒட்டினால் பசை இழுத்து ஏரா வாழைப்பழம் போல வளைந்துவிடும். அது பிறகு நேராகாது. வளைந்த கப்பல் தண்ணீரில் நேராகப் போகவே போகாது, சுக்கானை எவ்வளவு திருப்பினாலும்.

வெளியே ஒரு அடுக்கு மெல்லிய ஃபைபர் துணியும் ரெசினும், அதன்மேல் கார் புட்டி. பாலியஸ்டர் ரெசின் பிவிசி ஃபோமைச் சில நேரம் அரிக்கும். எப்பாக்ஸி விலை கூடுதல், ஆனால் அரிக்காது. மிஞ்சிய துண்டில் ஒருநாள் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் உடலில் பூச வேண்டும். புட்டியைத் தேய்த்துக் கழிக்க வேண்டுமே தவிரப் பூசி நிரப்பக் கூடாது. கையளவு புட்டி 200 கிராம் வரும், அதாவது 1,600 டன்.

எடைக் கணக்கு இது. நன்னீரில் எங்கள் உடல் குறித்த நீர்க்கோட்டில் 6.09 லிட்டர் தண்ணீரை விலக்கும். ஆகவே மொத்தம் 6,090 கிராமுக்கு மேல் போகக் கூடாது. கடல் நீர்க் கணக்கை அப்படியே எடுத்து 6,250 கிராம் ஏற்றினால், குட்டையில் 1 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக மூழ்கி நிற்கும். எங்கள் கப்பலில் 137 கிராமுக்கு 1 மி.மீ. விலாச்சட்டமும் உடலும் 1,400, ரெசின், துணி, புட்டி, சாயம் 650, மோட்டார், ஷாஃப்ட் (புரொபெல்லரைச் சுழற்றும் தண்டு), சுக்கான், மின்னணுச் சாமான் 780, 6 வோல்ட் அலாரம் பேட்டரி இரண்டும் 1,520, தளமும் மேற்கட்டும் கோபுரங்களும் 760. மீதி 980 கிராம் பாரம். லித்தியம் பேட்டரி போடலாமே என்று கேட்பவர்களுக்கு: இந்தக் கப்பலுக்கு அடியில் கனம் தேவை. இலேசான பேட்டரி போட்டுவிட்டு அதே எடைக்கு ஈயம் வாங்குவதில் என்ன லாபம்?

பாரத்துக்கு டயர் கடையில் சக்கரம் பேலன்ஸ் செய்யும் ஒட்டுத் துண்டுகள். இப்போது பல கடைகளில் இரும்புத் துண்டுதான், ஈயம் கேட்டு வாங்க வேண்டும். தொட்டால் கை கழுவுங்கள், அரத்தால் ராவாதீர்கள். நம் ஊரில் ஈயம் என்றால், பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் நீர் தேங்கிய குட்டைதான் ஞாபகத்துக்கு வரும். அங்கே தோண்டி எடுத்தது வெள்ளீயம், கப்பல் வயிற்றுக்குள் போவது காரீயம். கடையில் இதை விளக்கிச் சொல்லாவிட்டால் சோல்டர் கம்பியைக் கொடுத்தனுப்புவார்கள்.

பீரங்கிக் குழலுக்கு சீனக் கடையில் கிடைக்கும் வட்ட மூங்கில் சாப்ஸ்டிக். டிரில்லின் வாயில் பிடித்துச் சுழலவிட்டு, 120-ம் நம்பர் மணல்தாளை மடித்து அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் ஒரு குழல். கோபுரத்து முகப்பில் 5 மி.மீ., வாயில் 3 மி.மீ., வெளியே தெரியும் நீளம் 60 மி.மீ. வாயில் 2 மி.மீ. துளையைத் தேய்ப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். தேய்த்த பிறகு போட்டால் நார் பிரியும். மாஸ்டுக்குத் தென்னை ஈர்க்குக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. இயற்கையிலேயே அடி பருத்து நுனி சிறுத்திருக்கும். புதுத் துடைப்பத்திலிருந்து உருவி, ஒரு வாரம் வெயிலில் போட்டு, நீர்த்த சூப்பர் குளூவை உறிஞ்ச விட்டால் கம்பி போல நிற்கும். மூன்று ஈர்க்கு சேர்ந்த மூன்றுகால் மாஸ்ட் 2 கிராம் கூட வராது. அதையே பித்தளைக் கம்பியில் செய்தால் எத்தனை மடங்கு கனக்கும் என்று ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். பிறகு பித்தளையைத் தொடமாட்டீர்கள்.

ஒரே மாதிரிச் சிறு பீரங்கித் தொகுதி இருபது வேண்டுமென்றால் அச்சு வார்ப்பதுதான் வழி. சுற்றிலும் செம்பனைதான் என்றாலும் பால்மரம் (ரப்பர் மரம்) வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். மங்கிலிருந்து (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) எடுத்த பச்சைப் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். அமோனியா விடாவிட்டால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். மூலப்பொருளின் மேல் மெல்லிய பூச்சாகப் பத்துப் பன்னிரண்டு முறை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்து நிறம் மாறிய பிறகு அடுத்தது. அவசரப்பட்டுக் கனமாகப் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே பாலாகவே இருக்கும். காயும்போது அச்சு சுருங்கும், ஆகவே மூலத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். பித்தளை, செம்பு மூலத்தில் பால் பூசவே கூடாது. செம்பு பட்ட ரப்பர் பிசுபிசுத்து வீணாகும் என்பது ஸ்டோரில் (தோட்டத்தில் ரப்பர் பாலைப் பதப்படுத்தும் ஆலை) வேலை செய்த பெரியவர்களுக்குத் தெரிந்த சங்கதி. உள்ளே ஊற்ற எப்பாக்ஸி. பிளாஸ்டர் ஊற்றினால் குழல் முறியும்.

உடல் ஒன்று, மேற்கட்டு நான்கு. 1941, 1945, 1957, 1980 வடிவங்கள் தனித்தனியே காந்தம் வைத்துக் கழற்றி மாட்டும்படி. இதில் சிக்கல் தந்தது கடைசி வடிவம். அமரத்தை (கப்பலின் பின்முனை) ஒட்டிய நான்காவது கோபுரத்தைக் கழற்றி ஹெலிகாப்டர் தளம் வைத்தோம். கோபுரம் 100 கிராம், அதன் கீழே உருளைக் கவசமும் குண்டறையும் 75. நடுக்கப்பலிலிருந்து 375 மி.மீ. தள்ளி இருந்த 175 கிராம் போனதும் அணியம் அமிழ்ந்து, அமரம் தூக்கிக்கொண்டது. புரொபெல்லர் மேலே வந்து காற்றை இழுத்து நுரைக்கிறது, வேகம் குறைகிறது. கோபுரம் கழற்றியதாகக் கதை எழுதுகிறவர்கள் அந்தக் குழியில் எரிபொருள் தொட்டியோ பாரமோ வைத்ததாகவும் எழுத வேண்டும். நாங்கள் அதே குழியில் 140 கிராம் ஈயத்தை ஏராவை ஒட்டிப் பதித்தோம். ஹெலிகாப்டர் தளமும் அதன் சாமானும் மீதிக்குச் சரியாகப் போயிற்று.

குட்டைக்குப் போவதற்கு முன் உருளல் சோதனை. நான்கு பலகையும் ஒரு தார்ப்பாயும் போதும், 1.5 மீட்டர் நீளம், குறைந்தது 60 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம். அகலம் குறைந்தால் அலை திரும்பி வந்து கணக்கைக் கெடுக்கும். கப்பலை ஒருபக்கம் பத்து டிகிரி அமுக்கி விட்டு, பத்துமுறை போய்வரும் நேரத்தைப் பாருங்கள். இந்த அகலத்துக்கு 11, 12 விநாடி சரி. அது நிஜக் கப்பலில் ஒரு உருளலுக்கு 16 விநாடி. 9-க்குக் கீழே போனால் பாரம் அடியில் கூடிவிட்டது, பொம்மைப் படகு போல வெடுக்கென்று ஆடும். 15-ஐத் தாண்டினால் குட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள். மெதுவாக, கம்பீரமாக ஆடுவதுபோலத்தான் இருக்கும். அந்தக் கம்பீரத்தில் ஏமாந்து முதல் மேற்கட்டோடு ஒரு திருப்பத்தில் கவிழ்த்தோம்.

அடுத்து ஷாஃப்ட். 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தான் கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும் மூழ்கி 840 பேர் இறந்தார்கள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் இடப்பக்க வெளி ஷாஃப்ட் அருகே டார்பிடோ பட்டது. வளைந்த ஷாஃப்ட் சுழன்றுகொண்டே இருந்ததால் அது போகும் பாதை நெடுகக் கிழிந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது, மின்சாரத்தில் பாதி போயிற்று. பேட்டில்ஷிப்பின் கவசத்தில் எவ்வளவு கவனம் செலுத்தினாலும் ஷாஃப்ட் போகும் ஓட்டை ஓட்டைதான். மாதிரியிலும் தண்ணீர் நுழைவது பத்துக்கு ஒன்பது முறை அங்கேதான். 4 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 6 மி.மீ. பித்தளைக் குழாய், அதன் நடுவில் செங்குத்தாக ஒரு சிறு குழாய், நீர்க்கோட்டுக்கு மேலே முடியும்படி. அதன் வழியே சிரிஞ்சில் கிரீஸ் ஏற்றலாம். இரண்டு முனையிலும் கிரீஸ் பிதுங்கும்வரை, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன். நான்கு புரொபெல்லரில் உள் இரண்டுக்கு மட்டும் மோட்டார், வெளி இரண்டும் சும்மா சுழலும். ஓட்டையை இரண்டாகக் குறைத்ததாயிற்று.

வேகத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். 200-ன் வர்க்கமூலம் 14. 30 நாட்டை, அதாவது விநாடிக்கு 15.4 மீட்டரை, 14-ஆல் வகுத்தால் விநாடிக்கு 1.1 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கரையில் 10 மீட்டருக்கு இரண்டு கம்பு நட்டு, 9 விநாடியில் கடந்தால் அதுதான் 30 நாட். அதற்குமேல் முடுக்கினால் அணியம் தண்ணீரைத் தோண்டும், முதல் கோபுரம் நனையும். அலையின் உயரத்துக்கு வர்க்கமூலம் இல்லை, முழு 200 மடங்கு. 5 செ.மீ. சலசலப்பு இந்தக் கப்பலுக்கு 10 மீட்டர் கடல். நாலு மணிக்கு மேல் வானம் கறுத்தால் கரை சேர்த்துவிடுங்கள்.

குட்டையைப் பற்றி ஒரே விஷயம், ஆனால் அதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். பழைய ஈயக்குட்டையின் கரை இரண்டடி தள்ளினால் செங்குத்தாக இறங்கும், அடியில் சேறு காலைப் பிடிக்கும். கப்பல் நின்றுபோனால் யாரும் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்தவரும் கூடாது. தூண்டில் கம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி, கப்பலுக்கு அப்பால் வீசி, நூலால் மெதுவாக இழுத்து வாருங்கள். ஆகாயத்தாமரை மிதக்கும் பக்கம் காற்று அடிக்கும் நாளில் கிளம்பவே வேண்டாம். அதன் வேர் புரொபெல்லரில் சுற்றினால் மோட்டார் சூடாகி மின்னணுப் பெட்டியும் போகும்.

வீடு திரும்பியதும் மேற்கட்டைக் கழற்றி, உடலைக் கவிழ்க்காமல் அணியத்தைச் சற்றே உயர்த்தி வையுங்கள். உள்ளே புகுந்த தண்ணீர் அமரத்து மூலையில் சேரும், பஞ்சால் ஒற்றி அந்தப் பஞ்சையும் தராசில் வையுங்கள். 5 கிராமைத் தாண்டினால் கிரீஸ் தேய்ந்துவிட்டது. வழியில் தேத்தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்க நிறுத்தினால் கப்பலை வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிவிசி ஃபோம் அரை மணி நேரத்தில் இளகி, தளம் அலை அலையாக எழும்பிவிடும்.